நடந்தால் சி.இ.ஏ. குறையுமா?

பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு இரண்டு ஆண்டுகள் ஆன ஒருவர், வரவேண்டிய நாளிலிருந்து ஐந்து மாதங்கள் கழித்துச் சென்ற வாரம் வந்தார். நோய் திரும்புகிறதா என்று கவனிக்கப் பார்க்கும் சி.இ.ஏ. என்ற புரதத்தின் அளவு இரத்தத்தில் அடுத்தடுத்து இரண்டு முறை ஏறியிருந்ததால் உடனே ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தேன். அவரோ, எடையைக் குறைத்து அந்த எண்ணை இறக்கிக்கொண்டு வரலாம் என்று தாமாகவே முடிவு செய்துவிட்டார். எடை ஒன்பது கிலோ குறைந்திருந்தது, சி.இ.ஏ. மும்மடங்காகியிருந்தது. அந்த ஒன்பது கிலோவில் நடைப்பயிற்சி குறைத்தது எவ்வளவு, நோய் தின்றது எவ்வளவு என்று இப்போது என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இப்படி வருபவர்களில் இவர் முதல் ஆள் அல்லர்.

குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. புற்றுநோய் தொடர்பான இரத்தக் குறியீடுகள் என்று ஒரே மூச்சில் சொல்லப்படுபவற்றுள் இரண்டு வகைகள் உண்டு. இன்சுலின், ஈஸ்ட்ரோஜன், கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. ஆகியவை உடலின் பொதுவான சூழலைச் சொல்பவை. எடை குறைந்தால் இவை குறைவது உண்மைதான். அமெரிக்காவின் சியாட்டிலில், மாதவிடாய் நின்ற, உடற்பருமன் மிகுந்த 439 பெண்களை ஓராண்டு கவனித்த ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டையும் உடற்பயிற்சியையும் சேர்த்துக் கடைப்பிடித்தவர்களுக்கு எடை ஏறத்தாழ 11 சதவீதமும், சி.ஆர்.பி. 40 சதவீத அளவுக்கும், ஈஸ்ட்ரோஜன் வகையான எஸ்ட்ராடையால் 20 சதவீத அளவுக்கும் குறைந்தன. உடற்பயிற்சியை மட்டும் செய்தவர்களுக்கு எடை இரண்டரை சதவீதம்கூடக் குறையவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இவை எல்லாம் வருங்கால ஆபத்தைப் பற்றிய எண்கள்.

சி.இ.ஏ., சினைப்பைப் புற்றுநோயில் பார்க்கும் சி.ஏ.125, ஆண்களின் புராஸ்டேட் சுரப்பிக்குப் பார்க்கும் பி.எஸ்.ஏ. போன்றவை வேறு வகை. பெரும்பாலும் இருக்கும் நோயைப் பின்தொடரவே இவற்றைப் பார்க்கிறோம். சி.இ.ஏ.வைச் சுரப்பது கட்டியின் செல்களாக இருந்தால், தினமும் பத்தாயிரம் அடிகள் நடந்தாலும் அவை சுரப்பதை நிறுத்தப்போவதில்லை. புகைபிடிப்பவர்களுக்கும் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் கட்டி இல்லாமலே இது சற்று உயர்ந்திருக்கலாம், சி.ஏ.125 மாதவிடாயின்போதே ஏறும். உயர்வுக்குக் காரணம் எது என்று கண்டுபிடிக்கத்தானே ஸ்கேன்? பி.எஸ்.ஏ. கதை இன்னும் வேடிக்கையானது. பருமனான ஆண்களுக்கு இரத்தத்தின் கன அளவு அதிகம் என்பதால் பி.எஸ்.ஏ. நீர்த்துப்போய்க் குறைவாகவே தெரிகிறது. ஆகவே எடை குறைந்தால் எண்ணும் இறங்கும் என்று எதிர்பார்ப்பவர் தலைகீழாகக் கணக்குப் போடுகிறார்.

உடற்பயிற்சியை நான் குறைத்துச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பெருங்குடல் புற்றுநோயிலிருந்து மீண்ட 889 பேரிடம் நடத்தப்பட்டு 2025இல் வெளியான ஆய்வில், மூன்றாண்டு முறையான பயிற்சித் திட்டத்தில் இருந்தவர்களுள் ஐந்தாம் ஆண்டில் நோய் திரும்பாமல் உயிரோடிருந்தோர் சுமார் 80 சதவீதம். உடல்நலக் கையேடுகளை மட்டும் பெற்றவர்களுள் 74 சதவீதம். ஒரு மருந்து இதைச் செய்திருந்தால் விழா எடுத்திருப்போம். ஆனால் அவர்கள் அனைவரும் அறுவை சிகிச்சையையும் கீமோதெரபியையும் முடித்த பிறகே அந்தத் திட்டத்தில் சேர்ந்தவர்கள்.

பி.எஸ்.ஏ. பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாட்கள் சைக்கிள் ஓட்டுவதையும் கடும் பயிற்சியையும் தவிர்த்துவிடுங்கள். காய்ச்சலோ கடும் உடல்வலியோ இருக்கும்போது சி.ஆர்.பி. பார்த்துவிட்டுப் பதறாதீர்கள். தொடர் பரிசோதனைகளை இயன்றவரை ஒரே ஆய்வகத்தில் செய்யுங்கள். முறை மாறினால் எண்ணும் மாறும். அறிகுறி ஏதும் இல்லாதவர்கள் 'முழு உடல் தொகுப்பு' என்று இந்தக் குறியீடுகளை எல்லாம் வரிசையாகப் பார்த்துக்கொண்டு உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, முயற்சி ஏதும் செய்யாமலே எடை குறைந்தால், அல்லது செய்த முயற்சிக்கு மிஞ்சிக் குறைந்தால், தயவுசெய்து அதை அடுத்த பரிசோதனை நாள் வரை வைத்திருக்காமல் அந்த வாரமே உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.