ஜேகிங் வீல்: நம்ம சோமாசிக் கரண்டிதான்

திமிங்கில வேட்டைக் கப்பல்களின் மாலுமிகள் பல்லிலும் எலும்பிலும் செய்த கைவேலைக்கு ஸ்கிரிம்ஷா என்று பெயர். ஸ்கிரிம்ஷா என்றால் கப்பல் படம் கீறிய திமிங்கிலப் பற்களைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது, அதே மாலுமிகள் அடுப்படிக்கென்று செய்த ஜேகிங் வீல் என்ற மாவு வெட்டும் சக்கரம்.

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நான்டக்கெட், நியூ பெட்ஃபோர்டு துறைகளிலிருந்து திமிங்கில வேட்டைக்குக் கிளம்பிய கப்பல் திரும்பிவர மூன்று நான்கு வருஷம்கூட ஆகும். வேட்டை இல்லாத நாட்களில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் பல்லையும் தாடையெலும்பையும் எடுத்துவைத்து, அறுத்து, ராவி, சுறாத்தோலால் தேய்த்து மெருகேற்றி, ஊரில் இருக்கும் மனைவிக்கோ அம்மாவுக்கோ ஏதாவது செய்துகொண்டிருப்பார்கள். அப்படி வந்ததுதான் ஜேகிங் வீல். விளிம்பெல்லாம் நெளிநெளியாக வெட்டிய ஒரு சிறு சக்கரம், சின்ன ஆணியில் சுழலும். உள்ளே பூரணம் வைத்துச் சுடும் பை என்ற பண்டத்தின் மேல்மாவையும் கீழ்மாவையும் ஓரத்தில் ஒட்டி, மிச்சத்தை வெட்டிவிடும். சிலவற்றின் மறுமுனையில் முள்கரண்டி இருக்கும், மேல்மாவில் குத்தினால் ஆவி வெளியேறும். கைப்பிடியைப் பாருங்கள்: பாம்பு, ஒற்றைக்கொம்புக் குதிரை, மடக்கிய கைமுட்டி. மாவு வெட்ட இவ்வளவு தேவையே இல்லை, ஆனாலும் செதுக்கியிருக்கிறார்கள்.

சரி, சொல்லுக்கு வருவோம். ஜேக் என்றால் ரம்பப்பல் போன்ற வெட்டு, அதில் சிக்கல் இல்லை. ஸ்கிரிம்ஷாவின் வேர்தான் இன்னும் முடிவாகவில்லை. 1826இல் ஒரு கப்பலின் நாட்குறிப்பில் ஸ்கிரிம்ஷான்டிங் என்று வருகிறது, 1851இல் நாவலாசிரியர் மெல்வில், திமிங்கில வேட்டையைப் பற்றிய தன் 'மோபி டிக்' நாவலில் ஸ்கிரிம்ஷாண்டர் என்று எழுதுகிறார். மாலுமிகள் வாயிலேயே புழங்கிய சொல் என்பது இந்தத் தடுமாற்றத்திலேயே தெரிகிறது.

தமிழில் ஸ்கிரிம்ஷாவைத் தந்தச் சிற்பம் என்று எழுதினால் நமக்கு யானைதான் நினைவுக்கு வரும். திமிங்கிலப்பல் செதுக்கு என்றால் எலும்பு விட்டுப்போகும். அதனால் மாலுமிச் செதுக்கு என்பதே என் தேர்வு, செய்த ஆளை வைத்தே பெயர்.

ஜேகிங் வீலுக்கு மட்டும் புதுச்சொல் எதுவும் வேண்டாம். தீபாவளிக்கு முந்தின நாள் அம்மா மாவை வட்டமாகத் தேய்த்து, பூரணம் வைத்து, பாதியாக மடித்து, பித்தளைச் சோமாசிக் கரண்டியை ஓரத்தில் ஒரே இழுப்பாக உருட்டுவார், அரைவட்டம் முழுக்க நெளிநெளியாக விளிம்பு விழும்.