த்ரொஃபோஸ்: பவுல் தன்னை ஒப்பிட்ட செவிலித்தாய்

தெசலோனிக்கே நகரத்துக் கிறிஸ்தவச் சபையாரான தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதிய முதல் கடிதம் பொ.ஆ. 50ஐ ஒட்டியது. புதிய ஏற்பாட்டிலேயே மிகப் பழைய நூல் இதுதான் என்பது அறிஞர் பலரின் கருத்து. தானும் உடன் ஊழியர்களான சில்வானும் தீமோத்தேயுவும் அந்தச் சபையாரோடு பழகிய விதத்தை 2:7இல் (இரண்டாம் அதிகாரம், ஏழாம் வசனம்) சொல்லும்போது, பவுல் ‘த்ரொஃபோஸ்’ என்ற சொல்லை எடுக்கிறார். புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் இந்தச் சொல் இல்லை.

‘த்ரெஃபோ’ என்றால் கிரேக்கத்தில் ஊட்டுவது, வளர்ப்பது. அதிலிருந்து பிறந்த த்ரொஃபோஸ், பாலூட்டி வளர்ப்பவள். பெரும்பாலும் பிறர் பெற்ற பிள்ளையை. ஹோமரின் ஒடிசி என்ற கிரேக்கக் காவியத்தில் நாயகனை வளர்த்த யூரிக்ளியாவைக் குறிப்பதும் இதே சொல்தான். ரோமர் ஆண்ட எகிப்தில் கூலி பேசிப் பாலூட்ட ஆள் அமர்த்திய ஒப்பந்தங்கள் பாப்பிரஸ் ஏடுகளாகக் கிடைத்திருக்கின்றன.

அப்படியானால் பவுல் சொல்வது கூலிக்கு வளர்ப்பவளையா? அங்கேதான் ‘தன் சொந்தப் பிள்ளைகளை’ என்று சேர்க்கிறார். தொழிலாகப் பாலூட்டுபவள், தான் பெற்ற பிள்ளையை மடியில் எடுக்கும்போது கூலி என்ற பேச்சே இல்லை. யாருக்கும் பாரமாக இருக்கக்கூடாது என்று இரவும் பகலும் உழைத்தோம் என அவரே 2:9இல் சொல்வது இதோடு அழகாகப் பொருந்துகிறது. 2:11இல் தகப்பன் உவமையும் வருகிறது. பிரசங்கங்களில் அதிகம் கேட்பது அதைத்தான். எனக்கு அது வருத்தம்.

2:7இல் த்ரொஃபோஸோடு கூடவே வரும் வினை ‘தால்போ’: சூடு கொடுத்து அணைத்து வைத்திருப்பது. கிரேக்கப் பழைய ஏற்பாட்டில், உபாகமம் 22:6இல், தாய்ப்பறவை குஞ்சுகளின்மேல் படுத்திருப்பதைச் சொல்வதும் இந்த வினைதான்.

பழைய தமிழ் வேதாகமத்தில் ‘பால்கொடுக்கிறவள் தன் பிள்ளைகளைக் காப்பாற்றுவதுபோல’ என்று இருக்கிறது. ‘பால்கொடுக்கிறவள்’ நல்ல தமிழ். ஆனால் பெற்றவளுக்கும் அது பொருந்தும் என்பதால் வளர்ப்பவள் என்ற பொருள் மங்கிவிடுகிறது. ‘காப்பாற்றுவது’ என்றால் இன்று ஆபத்திலிருந்து மீட்பது என்றே புரியும். மார்புச்சூடு அதில் இல்லை.

நமக்கோ இதற்குத் தனிச் சொல்லே உண்டு. சங்க அகப்பாடல்களில் பெற்றவள் நற்றாய், வளர்ப்பவள் செவிலித்தாய். முலைத்தாய் என்ற பழஞ்சொல்லும் இருக்கிறது, ஆனால் அது பாலூட்டுவதோடு நின்றுவிடும். வெறும் ‘செவிலி’ இன்று மருத்துவமனையை நினைவூட்டும் என்பதால் ‘தாய்’ கட்டாயம் கூட வரவேண்டும். என் கணக்கில் அந்த வரி இப்படி அமையலாம்: ‘செவிலித்தாய் தன் சொந்தப் பிள்ளைகளை மார்போடு அணைத்துப் பேணுவதுபோல.’