மாத்திரைக்குத்தான் காசு இல்லாமல் போனது

சென்னை வியாசர்பாடியில் 20 ஆண்டுகளாகப் பொதுமருத்துவம் பார்த்துவரும் எனக்கு, சென்ற ஆண்டு ஒரு பெண்மணி சொன்ன சொற்கள் இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை. மூன்று வீடுகளில் பாத்திரம் துலக்கிப் பிழைக்கும் அவருக்கு வயது 52. சர்க்கரை நோய் வந்து 8 ஆண்டுகள் ஆகின்றன. கால் பெருவிரலில் வந்த புண் ஆறாமல் கறுத்துப்போய், கடைசியில் அரசு மருத்துவமனையில் விரலையே எடுக்க வேண்டியதாயிற்று. கட்டு மாற்ற என்னிடம் வந்தபோது, "ஆபரேஷனுக்கு யாரும் காசு கேக்கல டாக்டர், மாத்திரைக்குத்தான் காசு இல்லாம போச்சு" என்றார். நான் எழுதிக்கொடுத்த மாத்திரைகளை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்டு, ஒரு மாத மருந்தை இரண்டு மாதத்துக்கு ஓட்டியிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மருத்துவச் செலவு என்றதும் நம் நினைவுக்கு வருவது பெரிய அறுவை சிகிச்சைகளே. அந்தச் செலவைத் தாங்குவதற்குத் தமிழ்நாடு அரசு 2009 முதலே காப்பீட்டுத் திட்டம் நடத்திவருகிறது; 2012 முதல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் நடைபெறுகிறது. இன்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இதில் சிகிச்சை பெறலாம். ஆனால் இந்தக் காப்பீட்டு அட்டை பெரும்பாலும் நோயாளி படுக்கையில் சேர்ந்த பிறகே பயன்படும். மாதந்தோறும் வாங்கும் சுகர் மாத்திரைக்கும் பிரஷர் மாத்திரைக்கும், கிளினிக்கில் கொடுக்கும் கட்டணத்துக்கும் அது உதவாது.

அட்டையைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குடும்பத்தில் ஒருவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துவிட்டு, வருமானச் சான்றுக்காக மகன் அலுவலகம் அலுவலகமாக அலைவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குச் சென்று, எல்லோரும் நலமாக இருக்கும்போதே பதிவு செய்துகொள்ளுங்கள். அந்த மகனுக்கு அப்போது தேவைப்பட்டது தந்தையின் அருகில் இருப்பதற்கான நேரம். அது சான்றிதழ் வரிசையில் கழிந்தது. 72,000 ரூபாயாக இருந்த ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது நல்ல செய்திதான். எனினும், கணவன் ஆட்டோ ஓட்டி மனைவி வீட்டுவேலை செய்யும் சென்னைக் குடும்பம் மாதம் 10,000 ரூபாய் என்ற கணக்கை எளிதில் தாண்டிவிடுகிறது. வாடகை போக அவர்கள் கையில் மிஞ்சுவது என்ன என்பதை எந்தச் சான்றும் காட்டுவதில்லை. இந்த வரம்பை ஊருக்கேற்ப வகுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி மாத்திரைக்கு வருவோம். 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாநிலம் முழுவதற்குமான மருந்துகளை ஒரே இடத்தில் ஒப்பந்தப்புள்ளி கோரி, வணிகப் பெயரில் அல்லாமல் மருந்தின் மூலப்பெயரில் (ஜெனரிக்) மொத்தமாக வாங்குவதால், வெளிச்சந்தை விலையில் ஒரு சிறு பகுதிக்கே அவை கிடைக்கின்றன. வந்திறங்கும் ஒவ்வொரு தொகுதி மருந்தும் ஆய்வகச் சோதனையில் தேறிய பிறகே மாவட்டக் கிடங்குகளிலிருந்து மருத்துவமனைகளுக்குப் போகிறது. கேரளமும் ராஜஸ்தானும் பின்னர் இதே வடிவில் கழகங்களை அமைத்துக்கொண்டன. அரசு மாத்திரைக்கு வீரியம் இல்லை என்று வாரம் ஒருவராவது என்னிடம் சொல்கிறார்கள். அந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லை.

அப்படியானால் அந்தப் பெண்மணி ஏன் அரசு மாத்திரையை வாங்கவில்லை? பெரிய ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு கொடுப்பது காலையில்; அவர் வேலை செய்யும் வீடுகளில் பாத்திரம் காத்திருப்பதும் காலையில்தான். ஒருநாள் வரிசையில் நின்றால் ஒருநாள் கூலி போகும், வேலையே போனாலும் போகும். ஆகவே இலவச மருந்து அவருக்கு இலவசமாக இருக்கவில்லை. உண்மையில் இதற்கும் அரசு ஒரு வழி செய்திருக்கிறது. 2023 ஜூனில் முதற்கட்டமாக 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் மாநிலமெங்கும் திறக்கப்பட்டன. காலை 8 முதல் 12 வரையிலும் மாலை 4 முதல் 8 வரையிலும் மருத்துவர் இருக்கும்படி அவை வகுக்கப்பட்டவை. அப்படியொரு மையம் அவர் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி இருந்தது. அது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் நான் சொல்லவில்லை. மாத்திரை வாங்க முடிகிறதா என்று 8 ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் கேட்காததுதான் அந்த விரல் விஷயத்தில் என் பங்கு.

இப்போது ஒவ்வொரு சர்க்கரை நோயாளியிடமும் அந்தக் கேள்வியைக் கேட்கிறேன், மருந்தை மூலப்பெயரிலேயே எழுதுகிறேன். வெளியே வாங்க வேண்டியவர்களை, 2025 பிப்ரவரியில் 1,000 இடங்களில் திறக்கப்பட்ட, குறைந்த விலையில் மருந்து விற்கும் முதல்வர் மருந்தகங்களுக்கு அனுப்புகிறேன். நடக்க இயலாத முதியவர்கள் இருக்கும் வீடுகளில், 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் பதியச் சொல்கிறேன். சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் உரிய மாத்திரைகளை அவர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

அரசிடம் நான் கேட்பது, இருக்கும் மாலை மையங்களில் ஒரு நாள்கூட மருத்துவர் இல்லை, மருந்து தீர்ந்துவிட்டது என்ற நிலை வரக்கூடாது என்பதுதான். வேலை முடித்து வந்தவர் ஒருமுறை வெறுங்கையோடு திரும்பினால், மறுமாதம் அவர் அந்தப் பக்கம் வரமாட்டார். மருந்துக்கடையில் நான்கு நாளைக்கு மட்டும் மாத்திரை கேட்டு வாங்கிக்கொள்வார்.

அந்தப் பெண்மணி இப்போது மாலை ஆறு மணிக்கு மேல் அந்த மையத்துக்குப் போய் ஒரு மாத மாத்திரையை மொத்தமாக வாங்கி வருகிறார். சென்ற வாரம் வந்தபோது மாத்திரை அட்டையை என் மேசையில் வைத்து, காலியான குழிகளை எண்ணிக் காட்டினார். ஒன்றும் விடுபடவில்லை.