காபி ஏன் கருகி நாறுகிறது?

கொரோனா வந்துபோய்ச் சில மாதங்கள் ஆகியிருக்கும். செத்துக்கிடந்த மூக்கு மெல்ல விழித்துக்கொள்ளும். அப்பாடா என்று காபியை வாயருகே கொண்டுபோனால், ரப்பர் எரிந்த வாடை. வெங்காயம், பூண்டு, முட்டை, ஏன், பற்பசைகூட அதே நாற்றம். வாசனையே தெரியாத நாட்களே தேவலை என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. இந்தக் கோளாறுக்குப் பரோஸ்மியா என்று பெயர்.

வைரஸ் நுகர்வு நரம்புகளையே அழித்துவிடுகிறது என்ற சந்தேகம்தான் முதலில் எழுந்தது. ஆனால் அது உள்ளே நுழையப் பற்றிக்கொள்ளும் ஏசிஇ2 புரதம் இருப்பது, அந்த நரம்புகளைச் சுற்றி நின்று தாங்கும் துணைச் செல்களில். அடி விழுவது அவற்றுக்கு, தடுமாறுவது நரம்புகள். உயிரோடு இருக்கும் நரம்புகூட, சுற்றியுள்ள அழற்சியில் வாசனை மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளைத் தயாரிப்பதைக் குறைத்துவிடும்.

சரி, வாடை ஏன் மாறுகிறது? மூக்கில் சுமார் 400 வகை ஏற்பிகள் உண்டு. ஒரு நரம்புச் செல்லில் பெரும்பாலும் ஒரே வகைதான். காபி மணமோ நூற்றுக்கணக்கான வேதிப்பொருட்களின் கூட்டு. எந்தெந்த ஏற்பிகள் சேர்ந்து குரல் கொடுத்தன என்பதை வைத்தே மூளை அதைக் காபி என்று அடையாளம் காண்கிறது. பாதிப் பேர் வராத கச்சேரி போல ஆகிவிட்டால்? காபியில் 2-ஃபியூரான்மெத்தேன்தயால் என்றொரு கந்தகச் சேர்மம் இருக்கிறது. துளியிலும் துளி இருந்தாலே மூக்குக்கு எட்டிவிடும். மற்றவை ஊமையாகிவிட, அது மட்டும் கத்துகிறது. வெங்காயமும் பூண்டும் இந்தப் பட்டியலில் சிக்குவதற்கும் அவற்றின் கந்தகச் சேர்மங்களே பெரும்பாலும் காரணம்.

இன்னொரு விளக்கமும் உண்டு. நுகர்வு நரம்புகள் அடியிலுள்ள மூலச்செல்களிலிருந்து புதிதாக முளைப்பவை. நரம்புகளில் இது அபூர்வம். முளைத்த நரம்பு, சல்லடை போன்ற எலும்பின் துளை வழியே இழையை மேலே அனுப்பி, மூளையில் தன் வகைக்குரிய முடிச்சைத் தேடிப் பிடிக்க வேண்டும். வீடு மாறிக் கதவைத் தட்டினால் செய்தியும் மாறிப்போகும்.

“நாக்கே போச்சு” என்பவர்கள் பலருக்கு நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு பழ மிட்டாயை வாயில் போட்டுப் பாருங்கள். இனிப்பும் புளிப்பும் தெரியும். எந்தப் பழம் என்று தெரியாது. விரலை எடுத்ததும் ஆரஞ்சு ஆரஞ்சாகிவிடும்.

மருந்தைவிட இந்த மூக்குக் கோளாறுக்கு அதிகம் பரிந்துரைக்கப்படுவது முகரும் பயிற்சி. ஜெர்மனியின் தாமஸ் ஹும்மல் குழு 2009இல் வெளியிட்ட முறையில் ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு என நான்கு மணங்கள். காலையும் மாலையும், 12 வாரம். எலுமிச்சையை முகரும்போது எலுமிச்சையையே நினைத்துக்கொள்ளச் சொல்வார்கள், மூக்கு வேறெதையோ சொன்னாலும்.