‘மீட்டர்ல அறுபதுதான் சார் காட்டுச்சு’: வேகக் கருவியின் எண் எப்படி வருகிறது?

சேலத்தில் சீலநாயக்கன்பட்டி பைபாஸிலோ ஓமலூர் சாலையிலோ வேகம் அளக்கும் போலீஸ் இன்டர்செப்டர் வண்டி கை காட்டி நிறுத்தினால், ஓட்டுநர் வாயில் முதலில் வருவது பெரும்பாலும் இந்த வாக்கியம்தான். இதைச் சட்டென்று பொய் என்று தள்ளிவிடவும் முடியாது, அப்படியே ஏற்கவும் முடியாது.

ஸ்பீடோமீட்டருக்கு ஒரு விதி உண்டு. உண்மை வேகத்தைவிடக் கூட்டிக் காட்டலாம், குறைத்துக் காட்டக் கூடாது. அதனால் மீட்டரில் 60 என்றால் சக்கரம் உருள்வது 60 அல்லது அதற்கும் கொஞ்சம் கீழே. ஷோரூம் டயரைக் கழற்றிவிட்டுப் பெரிய டயர் மாட்டியவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு தலைகீழாகும். டயரின் சுற்றளவு 5 சதவீதம் கூடினால், சரியாக ஓடிக்கொண்டிருந்த மீட்டர் 60 காட்டும்போது வண்டி 63இல் போகும். அதற்கு மேல் டயர்மீது பழி போட வழியில்லை. மீட்டர் 60, கருவி 78 என்றால் இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்க வேண்டும். ஓட்டியவர் அந்த நொடியில் மீட்டரைப் பார்க்கவில்லை. அல்லது கருவி அளந்தது வேறொரு வண்டியை. இரண்டாவது எப்போது நடக்கும், எப்போது நடக்காது என்பது கையில் இருக்கும் கருவி எந்த வகை என்பதைப் பொறுத்தது.

எல்லாவற்றையும் ‘ரேடார் கன்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் ரேடார் வேறு, லேசர் வேறு.

ரேடார் ரேடியோ அலையை அனுப்பும். பரவலாகப் புழங்கும் கே பேண்டு (ஓர் அலைவரிசையின் பெயர்) கருவி என்றால் 24.15 கிகாஹெர்ட்ஸ். எதிரே வரும் வண்டியில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் சற்றே கூடியிருக்கும். ரயில் ஹாரன் நம்மை நெருங்கும்போது ஒரு சுருதியிலும் கடந்தபின் வேறு சுருதியிலும் கேட்கிறதே, அதே டாப்ளர் விளைவுதான். இந்தப் பேண்டில் மணிக்கு 1 கி.மீ. வேகத்துக்கு ஏறக்குறைய 44.7 ஹெர்ட்ஸ் மாறும். 80 கி.மீ. என்றால் 3,580 ஹெர்ட்ஸ் அளவு. கருவி எண்ணுவது அதை மட்டுமே.

எண்ணுவதில் பெரிய பிழை வராது. பிழை வருவது எந்த வண்டி என்பதில். கையடக்க ரேடாரின் கதிர் டார்ச் வெளிச்சம் போல விரிந்துகொண்டே போகும். 12 டிகிரி விரிவுள்ள கதிர் 300 மீட்டர் தள்ளி 63 மீட்டர் அகலத்துக்குப் பரந்திருக்கும். நால்வழிச் சாலை, நடுத்திட்டு, சர்வீஸ் ரோடு எல்லாம் அதற்குள் அடக்கம். முன்னால் ஒரு பைக், பின்னால் அதை முந்த வரும் பஸ் என்று வைத்துக்கொள்வோம். பஸ்ஸின் அகன்ற தகரமுகம் அனுப்பும் எதிரொலி பைக்கினுடையதைவிடப் பல மடங்கு பலமானது. திரையில் வருவது பஸ்ஸின் வேகம், ஓரங்கட்டப்படுவது பைக். பயிற்சி பெற்றவர் இதைச் செய்ய மாட்டார். முதலில் கண்ணால் ஒரு வண்டியைக் குறித்து, அது வேகமாக வருகிறதென்று தானே மதிப்பிட்டு, கருவியின் எண்ணும் காதில் கேட்கும் டாப்ளர் ஒலியும் சில விநாடிகள் அந்த மதிப்பீட்டோடு ஒத்துப்போன பிறகே எண்ணைத் திரையில் பூட்டுவார். எண் தோன்றியதும் யாருடையது என்று தேடுவது தலைகீழ் வேலை.

ரேடாருக்கு வேறு சில்லறைத் தொல்லைகளும் உண்டு. காருக்குள் உட்கார்ந்து டாஷ்போர்டுக்கு மேல் நீட்டிப் பிடித்தால், ஏ.சி. ஃபேன் சுழல்வதையே அது ஒரு வேகமாகக் காட்டும். பக்கத்தில் வாக்கிடாக்கியை அழுத்தினாலும் பொய் எண் வரலாம். நல்ல கருவி அந்த நேரத்தில் திரையை வெறுமையாக்கிவிடும்.

லேசர் கருவி இந்தக் குழப்பத்தைப் பெருமளவு தீர்த்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத 905 நானோமீட்டர் அகச்சிவப்புத் துடிப்புகளை அனுப்பி, அவை போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும். 300 மீட்டருக்குப் போய்வர ஒளிக்கு 2 மைக்ரோ விநாடி போதும். மூன்றில் ஒரு பங்கு விநாடிக்குள் பல துடிப்புகளை எண்ணி, தூரம் எவ்வளவு சீராகக் குறைகிறது என்று பார்த்து வேகத்தைக் கணக்கிடும். கதிரின் விரிவு 3 மில்லி ரேடியன், அதாவது ஒரு மீட்டருக்கு 3 மி.மீ. என்றால் 300 மீட்டரில் புள்ளியின் அகலம் 90 செ.மீ.தான். ஒரு காரின் முகப்பைவிடச் சிறியது. அதனால்தான் நம்பர் பிளேட்டைக் குறிவைக்கச் சொல்கிறார்கள். ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும் பரப்பு அது. கறுப்புக் கார் லேசரில் சிக்காது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. கறுப்புப் பெயின்ட் அளக்க முடிகிற தூரத்தைக் குறைக்கலாம், காட்டும் வேகத்தை மாற்றாது.

லேசரிலும் ஒரு நுணுக்கமான தவறு உண்டு. அளக்கும் நேரத்தில் கை நழுவிக் கதிர் முன் கண்ணாடியிலிருந்து பானெட் முனைக்குச் சறுக்கினால், வண்டி நகர்ந்த தூரத்தோடு அந்த ஒன்றரை மீட்டரும் சேர்ந்துவிடும். 0.3 விநாடியில் 1.5 மீட்டர் என்பது மணிக்கு 18 கி.மீ. இதைத் தவிர்க்கத்தான் முக்காலி. தூரம் சீராகக் குறையவில்லை என்றால் எண்ணைக் காட்டாமல் பிழைக்குறியைக் காட்டும்படி கருவியை வடிவமைத்திருப்பார்கள். ஓடும் வண்டிக்குள்ளிருந்து, கண்ணாடி வழியாக, கையில் பிடித்து அளந்த அளவீட்டைச் சந்தேகிக்க நியாயம் உண்டு. முக்காலியில் நிறுத்திப் படத்தோடு எடுத்ததைச் சந்தேகிக்க அவ்வளவு இடமில்லை.

‘சாலை ஓரமாக நின்று சாய்வாக அடித்தார்கள், அதனால் கூடுதலாகக் காட்டிவிட்டது’ என்ற வாதத்தை அடிக்கடி கேட்கலாம். கணக்கு இதற்கு நேர் எதிர். நின்ற இடத்திலிருந்து சாய்வாக அளந்தால் கருவி குறைத்துத்தான் காட்டும். 100இல் வரும் வண்டி 10 டிகிரி சாய்வில் 98.5 ஆகவும், 20 டிகிரியில் 94 ஆகவும் தெரியும். சேலத்தில்தான் மேம்பாலங்களுக்குக் குறைவில்லையே, மேலிருந்து அளந்தால் என்ன ஆகும் என்று கேட்கலாம். 6 மீட்டர் உயரத்திலிருந்து 100 மீட்டர் தள்ளி வரும் வண்டியைப் பார்க்கும் சாய்வு மூன்றரை டிகிரிகூட இல்லை. வித்தியாசம் கால் கிலோமீட்டருக்கும் கீழே, அதுவும் ஓட்டுநருக்குச் சாதகமாக.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி சாய்வைப் பற்றியது அல்ல, சோதனையைப் பற்றியது. ரேடாரை வேலை தொடங்கும் முன் இசைக்கவை (டியூனிங் ஃபோர்க்) கொண்டு சோதிப்பார்கள். குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குச் செய்த உலோகக் கவையைத் தட்டி முன்னே நீட்டினால், அதன்மேல் பொறித்த வேகத்தைத் திரை காட்ட வேண்டும். ஒரு பேண்டுக்குச் செய்த கவையை இன்னொரு பேண்டு கருவிக்குக் காட்டினால் எண் பொருந்தாது, கருவி கெட்டுவிட்டதென்று நினைக்க வைக்கும். லேசருக்கு இரண்டு சோதனை. நாடா வைத்து அளந்த தூரத்தில் ஒரு பலகையைக் குறிவைத்து, காட்டும் தூரம் சரியா என்று பார்ப்பது ஒன்று. விளக்குக் கம்பத்தின் குறுக்கே குறிப்புள்ளியை இடமும் வலமும் மேலும் கீழும் நகர்த்தி, கம்பத்தில் படும்போது மட்டும் ஒலி மாறுகிறதா என்று பார்ப்பது மற்றொன்று. கீழே விழுந்த கருவியில் முதலில் பிசகுவது இந்தக் குறிநேர்மைதான். தூரம் சரியாக இருக்கும், ஆனால் குறிவைத்தது ஒரு வண்டி, அளந்தது பக்கத்து வண்டி என்று ஆகிவிடும்.

ரேடார் வேகக் கருவிகளுக்கான எடையளவு விதிகள் 2025 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. கடைத் தராசையும் பெட்ரோல் பங்க் மீட்டரையும் போல இதையும் சரிபார்த்து முத்திரையிட வேண்டும். மின்னணுக் கண்காணிப்புக் கருவிகளுக்கு மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்புதல் சான்றைக் கேட்கிறது. கண்காணிப்பு இருக்கும் பகுதிக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வைக்கச் சொல்வதும் இதே விதிதான். மறைந்திருந்து பிடிப்பதைவிடப் பலகை வைத்து வேகத்தைக் குறைக்க வைப்பதே மேல் என்பது எங்கள் கருத்தும்.

வேக வரம்பு எவ்வளவு என்பதில் வாட்ஸ்ஆப்பில் சுற்றும் அட்டவணைகளை நம்ப வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 112ஆம் பிரிவின்படி மத்திய அரசு உச்ச வரம்பை வைக்கும். குறிப்பிட்ட சாலைக்கோ பகுதிக்கோ அதைவிடக் குறைத்து வைக்க மாநில அரசுக்கும் அது அதிகாரம் அளித்த அமைப்புக்கும் உரிமை உண்டு. அதனால் அந்த இடத்தில் நிற்கும் பலகையே கடைசி வார்த்தை. ஒரே சாலையில் காருக்கும் லாரிக்கும் வரம்பு வேறு. சரக்கு லாரிகளுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 80இல் பூட்டியிருக்க வேண்டும், டேங்கர், டிப்பர், பள்ளிப் பேருந்துகளுக்கு 60இல். சங்ககிரி பக்கம் லாரி வைத்திருப்பவர்களுக்கு இது தெரியாததல்ல. எஃப்.சி. எனும் வாகனத் தகுதிச் சோதனை முடிந்த மறுநாளே அதன் ஒயரைக் கழற்றிவிடுகிற ஆட்கள் இருப்பதும் தெரியாததல்ல.

வரம்புக்கு மேல் இருபது கிலோமீட்டர் என்பது அற்பமாகத் தெரியலாம். காய்ந்த தார்ச்சாலை, நல்ல பிரேக், ஒன்றரை விநாடி சுதாரிப்பு நேரம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 80இல் வரும் கார் சுமார் 69 மீட்டரில் நின்றுவிடும். அதே இடத்தில் அதே நொடியில் ஆபத்தைப் பார்த்த 100 கி.மீ. கார், அந்த 69ஆவது மீட்டரில் இன்னும் 71 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். இருபதுதான் கூட, ஆனால் மோதல் எழுபதில்.

இவ்வளவும் நேரான சாலைக்கு. ஏற்காடு மலைப்பாதையில் வேகக் கருவிக்குப் பெரிய வேலை இல்லை. அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவுக்கும் அடுத்ததற்கும் இடையே குறிவைக்கப் போதிய நேர்த்தடம் கிடைப்பது அரிது. வளைவில் சாய்வு நொடிக்கு நொடி மாறும். மூடுபனி இறங்கினால் லேசர் பனித்துளியிலேயே சிதறிப்போகும். ஆனால் அங்கே ஆபத்தான வேகம் கருவி வைத்து அளக்கிற அளவிலும் இல்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸின் மலைச்சாலை வழிகாட்டுதலில் கொண்டை ஊசி வளைவுக்கு உள் ஆரம் குறைந்தது 14 மீட்டர், வடிவமைப்பு வேகம் மணிக்கு 20 கி.மீ. மே மாதக் கோடை விழாவுக்கு வரும் வெளியூர்க் கார்கள் இதை 40இல் திருப்பப் பார்க்கின்றன. வேகம் இரட்டித்தால் வெளியே தள்ளும் விசை நான்கு மடங்கு. அதற்கு எந்தச் சலானும் வராது, கைப்பிடிச் சுவர்தான் வரும்.

இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது இன்னொரு கெட்ட வழக்கம். தர்மபுரியிலிருந்து சேலம் வரும் தொப்பூர் இறக்கத்தில் லாரிகள் கட்டுப்பாடிழப்பதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று இது. என்ஜின் பிடித்துக்கொள்ள வேண்டிய சுமை முழுவதும் பிரேக்மேல் விழுகிறது. டிரம் சூடேறிப் பிடிமானம் குறைகிறது. அடிக்கடி மிதித்தால் ஏர் பிரேக் டேங்கில் காற்றும் இறங்குகிறது. காரில் பிரேக் ஆயிலே கொதித்துவிடலாம். புது டாட் 3 ரக பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் இழுத்த பழைய ஆயில் 140 டிகிரியிலேயே கொதித்து மிதி தரைவரை போய்விடும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். மேலே ஏறி வரும் வண்டிக்கு முதலில் வழி விடுங்கள்.

சலானுக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆம் பிரிவின்படி கார் போன்ற இலகு வாகனத்துக்கு அபராதம் 1,000 முதல் 2,000 ரூபாய், நடுத்தர, கனரக வாகனங்களுக்கு 2,000 முதல் 4,000 ரூபாய். மறுமுறை சிக்கினால் உரிமத்தையும் கைப்பற்றலாம். அதே பிரிவில் பலருக்குத் தெரியாத ஒரு பாதுகாப்பும் உண்டு. ‘வேகமாக வந்ததாக எனக்குத் தோன்றியது’ என்று ஒரே ஒரு சாட்சி சொல்வதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது. அந்த மதிப்பீடு ஒரு கருவியின் அளவீட்டில் நிற்க வேண்டும். எனவே எதிர்த்துக் கேட்பதென்றால் மூன்றைக் கேளுங்கள்: படத்தில் இருப்பது என் வண்டிதானா, அந்த இடத்தில் என் வகை வண்டிக்குப் பலகை எது, கருவியின் சான்று அன்றைக்கு உயிரோடு இருந்ததா? மூன்றுக்கும் சரியான பதில் இருந்தால் கட்டிவிடுவதுதான் லாபம்.

கேமரா பிடித்த குற்றத்துக்கான அறிவிப்பை 15 நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்கிறது 167ஏ விதி. அது போவது ஆர்.சி.யில் இருக்கும் பெயருக்கும் முகவரிக்கும். வண்டியை விற்றுப் பெயர் மாற்றாமல் விட்டவருக்கு அடுத்தவர் ஓட்டிய வேகத்துக்குச் சலான் வரும். ஓட்டியது யார் என்று தெரிவிக்கும் கடமையும் 133ஆம் பிரிவில் அவர் தலையிலேயே விழும்.

வாட்ஸ்ஆப்பில் ‘ஆர்.டி.ஓ. சலான்’ என்ற பெயரில் ஏ.பி.கே. ஃபைல் (போனில் செயலியை நிறுவும் கோப்பு) வந்தால் தொடவே வேண்டாம். எந்தத் துறையும் சலானை அப்படி அனுப்புவதில்லை. திறந்தால் ஓ.டி.பி.யோடு வங்கிக் கணக்கும் போகும். பரிவாஹன் இ-சலான் தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து, முகவரி ‘ஜி.ஓ.வி. டாட் இன்’ என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு, வண்டி எண்ணைப் போட்டுத் தேடுங்கள். உண்மையான சலான் என்றால் அது அங்கே இருக்கும்.