கண்ணாடிப் பாகத்தைக் கண்ணாடிபோல் வரைய வேண்டாம்

பெங்களூரு பீன்யாவிலும் பொம்மசந்திராவிலும் இயந்திர வடிவமைப்பில் இருக்கும் நம் தமிழ் இளைஞர்களில் பலர், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாலிடெக்னிக்குகளில் படித்துவிட்டு நேரே சாலிட்வொர்க்ஸ், இன்வென்டர் போன்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் வேலையைத் தொடங்கியவர்கள். மாடலை வேகமாகவும் நேர்த்தியாகவும் கட்டுகிறார்கள். ஆனால் அவர்களுடைய டிராயிங்குகளைச் சரிபார்க்கும்போது ஒரு பழக்கம் திரும்பத் திரும்பத் தென்படுகிறது: பாதுகாப்புக் கதவு, பார்வைச் சாளரம், எண்ணெய் மட்டம் காட்டும் குழாய் போன்றவற்றைத் திரையில் தெரிவதுபோலவே, பின்னால் இருப்பதெல்லாம் தெரியும்படி, பட்டறைக்குப் போகும் தாளிலும் வைத்துவிடுகிறார்கள்.

பொறியியல் டிராயிங்குக்கான இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 10714, அதை ஒட்டிய எஸ்பி 46 கையேடு, இவற்றுக்கு அடிப்படையான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 128 ஆகியவை கற்றுத்தரும் மரபு தெளிவானது. ஒளி ஊடுருவும் பொருளால் ஆன பாகத்தையும், ஒளி ஊடுருவாத பாகத்தைப் போலவே வரைய வேண்டும். காரணமும் எளியது. தடித்த முழுக்கோடு என்றால், அந்தப் பாகத்தின் கண்ணுக்குத் தெரியும் விளிம்பு என்றே பட்டறையில் படிப்பார்கள். பின்னால் உள்ள பிராக்கெட்டின் விளிம்பும் அதே தடிமனில் கதவின் மேல் விழுந்தால், அது கதவில் வெட்ட வேண்டிய துளையா, வேறொரு பாகமா என்று தாளைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. ஒரு தொழிற்கூடத்தில் இப்படித்தான் சென்சார் பிராக்கெட்டின் நீள்துளைகளைக் கதவுத் தகட்டிலேயே வெட்டிக் கொண்டுவந்தார்கள். வெட்டியவரைக் குறை சொல்ல முடியாது. டிராயிங்கில் இருந்ததைத்தான் அவர் செய்திருந்தார்.

இன்வென்டரில் ஒரு காட்சியில் உள்ள பாகத்தை மட்டும் ஒளி ஊடுருவுவதாக மாற்றும் வசதி இருக்கிறது. வாடிக்கையாளருக்கு விளக்கும் படத்தில் அது பயன்படட்டும், தயாரிப்பு டிராயிங்கில் வேண்டாம். அசெம்பிளி டிராயிங்கில் பின்னால் உள்ளதைக் காட்டியே ஆக வேண்டுமென்றால், கதவை மறைத்துவிட்டு இன்னொரு காட்சி வைத்து, ‘கதவு நீக்கிக் காட்டப்பட்டுள்ளது’ என்று அதன் கீழ் எழுதுவதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். பாகத்தை வெட்டியதுபோல் காட்டும் வெட்டுத்தோற்றமும் நல்லதுதான். மறைந்த விளிம்புகளைக் காட்டும் விட்டுவிட்ட கோடுகளை இரண்டு மூன்று பாகங்களுக்கு மேல் பயன்படுத்தினால் தாள் குழம்பிவிடும். நிழலிட்ட முப்பரிமாணப் படத்தை ஒரு மூலையில் சேர்ப்பதில் தவறில்லை, அதன் மேல் அளவுகள் மட்டும் இருக்கக் கூடாது.

ஆட்டோகேடில் வரைபவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. லேயரின், அதாவது கோடுகளைத் தொகுக்கும் அடுக்கின், ஒளி ஊடுருவல் அளவை 0 முதல் 90 வரை வைக்கலாம். ஆனால் பிளாட் செய்யும்போது (தாளில் அச்சிடும்போது) அதற்கான தேர்வைத் தனியாகக் குறிக்காவிட்டால், திரையில் மங்கலாகத் தெரிந்த வண்ண நிரப்பு தாளில் முழு அடர்த்தியோடு அச்சாகி, அடியில் உள்ள கோடுகளை விழுங்கிவிடும். எனவே அனுப்பும் முன் ஒருமுறை கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் பட்டறை மேசையில் இருக்கப்போவது அந்தத் தாள்தான்.

நான் மிகவும் கவலைப்படுவது இதற்கடுத்த விஷயத்தைப் பற்றி. தோற்றத்தில் ஊடுருவலைக் காட்டியாயிற்று என்ற நிம்மதியில், பொருளின் பெயரை எழுதாமல் ‘தெளிவான தகடு’ என்று மட்டும் எழுதிவிடுகிறார்கள். அக்ரிலிக்கும் தெளிவானது, பாலிகார்பனேட்டும் தெளிவானது. அடர்த்தி முறையே கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.19, 1.20 கிராம் என்பதால் கையில் தூக்கிப் பார்த்தாலும் வேறுபாடு தெரியாது. அக்ரிலிக் லேசரில் பளபளப்பான விளிம்போடு வெட்டுப்படும், பாலிகார்பனேட்டோ பழுப்பேறிக் கருகும். ஆகவே டிராயிங்கில் பெயர் இல்லையென்றால் வேலை எளிதாக முடியும் அக்ரிலிக்கைத்தான் ஃபேப்ரிகேட்டர் எடுப்பார். ஆனால் வேலைத்துண்டைப் பிடித்துச் சுழலும் சக்கிலிருந்து ஒரு துண்டு தெறித்து வந்தால் அக்ரிலிக் கூரிய சில்லுகளாக உடையும், அதே தடிமனுள்ள பாலிகார்பனேட்டோ பன்மடங்கு மோதலைத் தாங்கும். கதவுக்கு மறுபுறம் நிற்பவர் ஆபரேட்டர்.

ஆகவே பாகப் பட்டியலில் பொருள், தடிமன், நிறம், இருபுறப் பாதுகாப்புப் படலத்தைப் பொருத்தும் வரை உரிக்கக் கூடாது என்ற குறிப்பு எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். கீறல் அனுமதிக்கப்படாத பார்வைப் பகுதியைத் தனி எல்லைக்கோட்டால் காட்டுங்கள். திருகுத் துளைகளின் அளவையும் எஃகுத் தகட்டுக்கு வைப்பதுபோல் இறுக்கமாக வைக்காதீர்கள்: 1 மீட்டர் பாலிகார்பனேட் தகடு 30 டிகிரி செல்சியஸ் வெப்ப உயர்வில் சுமார் 2 மில்லிமீட்டர் நீளும், எஃகுச் சட்டம் அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூட நீளாது. அந்த நீட்சிக்குத் துளையில் இடைவெளி இல்லாவிட்டால் திருகைச் சுற்றித் தகட்டில் விரிசல் தொடங்கும்.