பேசினில் உடைத்து வைத்த முட்டை

கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ கொத்து ரொட்டிக் கடைக்குச் சுகாதாரப் பரிசோதனைக்காகப் போனால் நான் முதலில் தேடுவது கல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் பேசினைத்தான். மாலைக் கூட்டம் வருமுன் முட்டைகளை மொத்தமாக உடைத்து ஊற்றி வைத்திருப்பார்கள். அள்ளி ஊற்ற வசதி. இரவு பத்து மணிக்கும் அதே பேசின்தான். குறையக் குறைய மேலே உடைத்துச் சேர்ப்பார்கள்.

"இன்றைக்கு வந்த முட்டை ஐயா" என்பார் முதலாளி. உண்மையாகவே இருக்கும். சல்மொனெல்லா என்ற வயிற்றோட்டக் கிருமி உள்ள முட்டை நாறாது, நிறமும் மாறாது. அதில் என்டரிடிடிஸ் என்ற வகை கோழியின் சூலகத்திலேயே தங்கி, ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் புகுந்துவிடும். கோழியோ நன்றாகத்தான் மேய்ந்துகொண்டிருக்கும். அப்படிப்பட்ட முட்டை எப்போதாவதுதான் வரும். தனியே பொரித்தால் ஆபத்து ஒருவருக்கு. பேசினில் விழுந்தால் அன்றிரவு வந்த எல்லோருக்கும் பங்கு உண்டு, கொழும்பு வெக்கையில் பெருகியும் விடும். 1994இல் அமெரிக்காவில் பச்சை முட்டை ஏற்றிய டேங்கர் லொறியில் பிறகு ஐஸ்கிரீம் கலவையை ஏற்றினார்கள். சுமார் 224,000 பேர் நோயுற்றதாகக் கணக்கிடப்பட்டது.

நன்றாக வெந்தால் கிருமி செத்துவிடும். 71 பாகை செல்சியஸ் போதும். ஆனால் பச்சை முட்டை தொட்ட கையும் கரண்டியும் வெந்த கொத்துக்குள்ளும் போகின்றனவே! பச்சை முட்டையில் அடித்த மயோனைஸுக்கு அடுப்பே கிடையாது. முட்டை அப்பத்தை விடச் சொல்லவில்லை, எனக்கும் பிடிக்கும். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் மஞ்சள் கரு இறுகும்வரை வேகவிடுங்கள். அப்புறம், முட்டையைக் கழுவி அடுக்காதீர்கள். ஓட்டின் நுண்துளைகள் வழியே அழுக்குத் தண்ணீர் உள்ளே போகும்.

வயிற்றோட்டம் வந்தவர்கள் கடைசியாகச் சாப்பிட்ட கடையைத்தான் திட்டுவார்கள். இந்தக் கிருமி 6 முதல் 72 மணி நேரத்தில் வேலையைக் காட்டும். முந்தாநாள் சாப்பிட்ட ரோல்ஸாகவும் இருக்கலாம். பலர் ஜீவனி என்ற உப்பு-சர்க்கரைத் தூளைக் கரைத்துக் குடித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். ஜீவனி சரிதான். ஆனால் காய்ச்சலோ மலத்தில் இரத்தமோ இருந்தால் வயிற்றோட்டத்தை நிறுத்தும் குளிசையை நீங்களாக வாங்கிப் போடாமல் வைத்தியரிடம் போங்கள். ஒரே விருந்தில் சாப்பிட்ட இரண்டு மூன்று பேருக்கு ஒன்றாக வந்தால் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். மிச்சச் சாப்பாட்டைக் கொட்டிவிடாமல் மூடி பிரிட்ஜில் வையுங்கள், மாதிரி எடுக்க எங்களுக்கு அது வேண்டும்.